அன்னாளின் சின்னச் சட்டையும் நம் சபையின் சால்வைகளும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, மூத்த அம்மையார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இந்த வருஷமும் சால்வை உண்டுங்களா?" என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து, "பார்ப்போம் பாட்டி" என்று சொல்லி நழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்த பின்னர் அந்த "பார்ப்போம்" என் மனத்தை உறுத்தியது. நேர்மையாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு அது நேர்மையான பதில் அன்று. ஆகவே இவ்வாரத் தியானத்தை அப்பாட்டிக்குரிய பதிலாகவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பண்டிகையில் நம் சபையின் மூத்தோருக்குக் கைப்படச் செய்த பரிசுகள் வழங்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு முன் போதகர் இல்லத்துக்குள் நடந்ததை நீங்கள் அறியமாட்டீர்கள். என் துணைவியாரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதை வாசித்துக் காட்டியபோது ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன்.

என் துணைவியாரின் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடி. அவருடைய பாட்டி லேஸ் பின்னியவர். கெட்டியான ஒரு தலையணையின்மேல் மாதிரித் தாளை ஊசிகளால் குத்தி வைத்து, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு நாள் முழுவதும் உழைத்து விரலளவு லேஸ் எடுப்பார்களாம். தென்னாட்டுத் திருச்சபையில் இக்கலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1821இல் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னுதலைத் தொடங்கினார். அக்காலத்துத் திருவிதாங்கூரில் மனிதரை விற்பதும் வாங்குவதும் சட்டப்படியே நடந்தது. அடிமை முறை அங்கே ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதற்கு முன்னரே, லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்ட பெண்கள் அப்பள்ளியில் இருந்தார்கள். விலைகொடுத்து மீட்கப்படுதல் என்னும் வேதாகமச் சொல்லை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அதை நூலும் ஊசியும் கொண்டு எண்ணிச் செலுத்தியவர்கள் அவர்கள்.

மார்த்தா மால்ட்டின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். கால்டுவெல் ஐயரவர்களைத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக நாடறியும். தாயிடம் கற்ற லேஸை அவ்வூர்ப் பெண்களுக்குக் கற்பித்த எலைசா அம்மையாரைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை. என் துணைவியாரின் பாட்டியின் விரல்களுக்கு அக்கலை வந்த வழி அது. பேத்தியின் காலத்தில் லேஸ் தலையணை வீட்டில் இல்லை. ஆனால் குரோஷா ஊசி வந்துவிட்டிருந்தது. கை சும்மா இருப்பது அவருக்கு ஆகாது.

நம் செந்துறையில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சித்திரை வெயிலை நினைத்தால் கேள்வி நியாயந்தான். ஆனால் மார்கழி அதிகாலை ஆராதனைக்கு முந்திரித் தோப்புகளின் மேல் பனி இறங்கிக் கிடக்கும்போது, நம் மூத்தோர் சேலைத் தலைப்பையும் துண்டையும் தலையில் சுற்றிக்கொண்டு நடுங்கி வருவதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த இரக்கத்தில்தான் என் தவறு தொடங்கியது.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாத முதல் ஞாயிறு. அன்றைய பகுதி 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரம். சீலோவிலே ஆலயப் பணிக்கு விடப்பட்ட சிறுவன் சாமுவேலுக்கு, அவன் தாய் அன்னாள் வருடாந்தரப் பலிக்கு வரும்போதெல்லாம் ஒரு சின்னச் சட்டை செய்து கொண்டுவருவாள் என்று 19ஆம் வசனம் கூறுகிறது. பிரசங்கத்தின் வேகத்தில், முன்யோசனை ஏதுமின்றி, "நம் சபையில் எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் இவ்வாண்டுப் பண்டிகைக்குக் கைப்படப் பின்னிய சால்வை வழங்கப்படும்" என்று அறிவித்துவிட்டேன். சபையாரிடமிருந்து எழுந்த "ஆமென்" எனக்கு இனித்தது. மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த என் துணைவியார் தலை குனிந்தார். அதை நான் தாழ்மை என்று எடுத்துக்கொண்டேன்.

பதிவேட்டைப் பார்த்ததில் 14 பேர். ஒரு சால்வைக்கு ஏறத்தாழ 400 கிராம் நூல். திருச்சி பெரிய கடை வீதிக்குச் சென்று உல்லன் நூற்கண்டுகளை வாங்கி வந்து மேசைமேல் அடுக்கினேன். என் பங்கு அத்துடன் முடிந்தது என்பது என் எண்ணம். ஒரே முறையில் வாங்காமல் பாதி பாதியாக வாங்கியதால், அடுத்த தடவை வந்த நீலமும் முதலில் வாங்கிய நீலமும் ஒத்துப்போகவில்லை. சாயமிடும் தொட்டி மாறினால் நிறமும் மாறும் என்று அவர் அப்பொழுதே சொல்லியனுப்பினார். நான் செவிகொடுக்கவில்லை.

அதன்பின் நாட்கள் எப்படிச் சென்றன என்பதை, குடும்பம் நடத்தும் நீங்கள் நான் சொல்லாமலே அறிவீர்கள். செப்டம்பரில் அவருடைய தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பன்னிரண்டு நாட்கள் அங்கே இருந்து பார்த்துக்கொண்டார். நூற்கண்டும் உடன் சென்றது. திரும்பி வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. போதகர் இல்லத்தின் கூரை இரண்டு இடங்களில் ஒழுகியது. அண்டாவையும் வாளியையும் வைத்துவிட்டு, நூல் நனையாத மூலையில் அமர்ந்து பின்னினார். பால் பொங்குகிறதா என்று ஒரு கண் அடுப்பில்; கண்ணிகளின் எண்ணிக்கை வாய்க்குள். வாசலில் யாராவது "அம்மா" என்று அழைத்தால் எண்ணிக்கை தவறும். அந்த வரிசையைப் பிரித்து மீண்டும் போடுவார். வாசலில் அழைத்தவர்கள் அநேகமாக என்னைத் தேடி வந்தவர்கள். நான் பெரும்பாலும் வெளியே போயிருப்பேன்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் பீரோவில் ஒரு தட்டு முழுவதும் பொன்னாடைகள் உள்ளன. திருமணங்களிலும் ஆண்டு விழாக்களிலும் என் தோளில் போர்த்தப்பட்டவை. பளபளப்பானவை, குளிர் தாங்காதவை, ஒருவரும் தம் கையால் செய்யாதவை. போர்த்தியவர் யார் என்பதே பலவற்றில் எனக்கு நினைவில்லை. அவற்றை மடித்து வைப்பதும் அவர்தான்.

அக்டோபர் நடுவில் ஓர் இரவு அவர் தூக்கத்திலிருந்து எழுந்து வலக்கையை உதறிக்கொண்டிருந்தார். விரல்கள் மரத்துப்போகின்றன என்றார். மூன்று வாரங்களாக அப்படித்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் புழுதி தின்றுகொண்டே அரியலூருக்குச் சென்றோம். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது, கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், இரவில் பட்டை கட்ட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நான்கு சால்வைகள் முடிந்திருந்தன. ஐந்தாவது பாதியில் நின்றது.

வீடு திரும்பும் வழியில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "சபையில் அறிவித்துவிட்டேனே." அவ்வளவுதான். வலிக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அறிவிச்சது நீங்க; விரல் மட்டும் என்னுதா?" என்றார். அதற்குமேல் வீடு வரும்வரை பேச்சில்லை.

அன்றிரவு செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். ஆகஸ்டிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஒரு சால்வைக்கு 30 மணி நேரம். 14 சால்வைக்கு 420 மணி நேரம். அறிவித்த நாளிலிருந்து பண்டிகை வரை ஏறத்தாழ 140 நாட்கள். அப்படியானால் நாள்தோறும் 3 மணி நேரம், ஒரு நாளும் விடாமல். தாயாரின் இடுப்பெலும்பும் ஒழுகும் கூரையும் வாசலில் வருவோரும் இல்லாத ஒரு வாழ்க்கையில். இதை நான் ஒருவரிடமும் கேளாமல் பிரசங்க பீடத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அரசரடியில் இறையியல் பயின்ற நாட்களில் நூலகத்தில் ஒரு புத்தகம் வாசித்தேன். மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் ஆந்திரத்தின் நரசாபூர் லேஸ் பெண்களைக் குறித்து 1982இல் வெளியிட்டது. அப்பெண்கள் நாள் முழுவதும் பின்னினார்கள். அந்த லேஸ் கடல் கடந்து விலைபோனது. ஆயினும் அவர்கள் தொழிலாளர் என்று எண்ணப்படவில்லை. வீட்டில் ஓய்வாக இருக்கும்போது ஏதோ பின்னுகிறவர்கள் என்றே கருதப்பட்டார்கள். அதை வாசித்துச் சினங்கொண்டு கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். முப்பது ஆண்டுகள் கழித்து, என் வீட்டு மேசைமேல் நூற்கண்டுகளை அடுக்கியவன் அதே மாணவன்தான்.

மீண்டும் 1 சாமுவேலை எடுத்தேன். 19ஆம் வசனத்தைப் பிரசங்கித்தவன் 21ஆம் வசனத்தைக் கவனிக்காமல் கடந்திருந்தேன். அன்னாளுக்கு அதற்குப்பின் மூன்று குமாரரும் இரண்டு குமாரத்திகளும் பிறந்தார்கள் என்கிறது அது. அப்படியானால் அந்தச் சின்னச் சட்டைகள் அமைதியான வீட்டில் உருவாகவில்லை. ஐந்து பிள்ளைகளின் அழுகைக்கும் பசிக்கும் நடுவே உருவானவை. மகனை ஆண்டுக்கொருமுறை மட்டுமே காணும் தாய், அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அண்டை வீட்டுப் பையனைப் பார்த்தோ, கடைசியாகக் கட்டியணைத்த நினைவைக் கொண்டோதான் அளவெடுத்திருப்பாள். சில ஆண்டுகள் சட்டை சிறிதாகியும் இருக்கலாம். இன்னொன்று. அச்சட்டைக்கு எபிரெயத்தில் உள்ள சொல் மெயீல். அதே புத்தகத்தின் 28ஆம் அதிகாரத்தில் முதிர்வயதுச் சாமுவேல் போர்த்தியிருப்பதும் மெயீல்தான். நம் பழைய தமிழ் வேதாகமம் முன்னதைச் சட்டை என்றும் பின்னதைச் சால்வை என்றும் சொல்வதால் இவ்வொற்றுமை நம் காதில் விழுவதில்லை. தாய் தொடங்கிய போர்வை முதுமை வரை அவனுடன் இருந்தது என்று பிரசங்கிக்க எனக்கு ஆசைதான். ஆனால் அது அவர்கள் நாட்டில் மேலாடைக்குரிய சொல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குச் சென்று, அழைக்கப்படாமலே பின்வரிசையில் அமர்ந்தேன். முடிவில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். நான் அறிவித்தது தவறு, சால்வைகள் ஆகாது, வருகிற ஞாயிறு சபையிலும் சொல்லிவிடுவேன் என்றேன். சற்று நேரம் மௌனம். பிறகு முந்திரி உடைக்கும் வேலைக்குச் செல்லும் சகோதரி ஒருவர் எழுந்தார். "ஐயா, எங்களுக்குக் கம்பளி தெரியாதுங்க. ஒயர் கூடைன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போடுவோம். பாட்டிங்களுக்குக் கூடை ஆகாதா?" என்றார். பக்கத்திலிருந்தவர், "பைபிளும் கண்ணாடியும் வைக்கிற அளவுக்குச் சின்னதா போடலாம்" என்றார். பிஸ்கட் முடிச்சா, சிவன் கண் முடிச்சா என்று பேச்சு ஓடியது. சிவன் கண் வேதாகமக் கூடைக்கு ஆகுமா என்று ஒருவர் தயங்க, முடிச்சுக்கு மதமில்லை என்று ஓய்வுபெற்ற ஆசிரியை தீர்ப்பளித்தார். நான் வாய்திறக்கவில்லை, அக்கூட்டத்தில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றே.

அந்த ஆசிரியையும் இரண்டு இளம் பெண்களும் குரோஷா கற்க முன்வந்தார்கள். முந்திரி உடைக்கும் சகோதரிக்கும் கற்க ஆசை. ஆனால் கொட்டையின் பால் பட்டுக் கருத்த விரல்களைக் காட்டி, "வெளிர் நூலைத் தொட்டா கறையாயிடும் அம்மா" என்று என் துணைவியாரிடம் சொன்னார். அவர் உள்ளே சென்று காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்த கண்டுகளை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார். ஆயினும் அவ்வாண்டு அவர் கூடைதான் போட்டார், அந்நூல் காத்திருந்தது.

நானும் கற்றேன். ஐம்பத்து நான்கு வயதில் சங்கிலிக் கண்ணி போடக் கற்பது தாழ்மைக்கு நல்ல மருந்து. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கடைசிக் கண்ணியை நான் தவறவிட்டுக்கொண்டே போனதால், செவ்வகமாகத் தொடங்கியது வரவர ஒடுங்கி முக்கோணமாயிற்று. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து என் துணைவியார் சிரித்தார். அம்மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

இனிச் சொல்லப்போவது கடினமானது.

பாதியில் நின்ற ஐந்தாவது சால்வை நீல நிறம். தோப்போரம் தனியாக வாழ்ந்த அந்தப் பாட்டிக்குரியது. அவரை உங்களில் அனைவரும் அறிவீர்கள். நிறம் கேட்டபோது நீலம் வேண்டும் என்று அவரே சொன்னார். வீடு சந்திக்கச் சென்றபோதெல்லாம், "என்னுது எவ்வளவு ஆச்சுங்க ஐயா?" என்று கேட்பார். இதை நானே முடிக்கிறேன் என்று நவம்பரில் என் துணைவியாரிடம் வாக்குக் கொடுத்தேன். கை பழகட்டும் என்று சில நாட்கள் தள்ளினேன். பிறகு கீதபவனி வந்தது. ஞாயிறு பள்ளி விழா வந்தது. இரவு ஒன்பது மணிக்குமேல் அமர்ந்தால் ஒரு நாளைக்கு இரண்டு வரிசை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலையில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கும் அவர் மகள் நண்பகலில் வந்து சேர்ந்தார். அழுது ஓய்ந்த பின்னர் என்னிடம், "அம்மா போன்ல சொல்லும், ஐயா வீட்ல எனக்குச் சால்வை பின்னுறாங்கன்னு. அது இருக்குங்களா?" என்று கேட்டார். முடியவில்லையே என்றேன். "பரவாயில்லீங்க. நான் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல காலர் தைக்கிறேன். அம்மாவுக்குன்னு ஒண்ணும் தைச்சுக் குடுத்ததில்ல" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். என் துணைவியார் கையில் பட்டையுடனே அமர்ந்து, விளிம்பில் ஒரு வரிசை போட்டு, நூலை அறுத்து, கடைசிக் கண்ணியில் இழுத்து முடிந்தார். பத்து நிமிடந்தான். அது சால்வையாகவில்லை, பாட்டியின் பாதங்களை மூடும் அளவே இருந்தது. பாதங்களின்மேல் அதை விரித்தோம்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது, அவள் தங்களுக்குச் செய்துகொடுத்த உடைகளை விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டுகிறார்கள். அப்பகுதியைப் பிரசங்கிக்கும்போதெல்லாம் நான் 40ஆம் வசனத்துக்கு, அவள் உயிரோடெழுந்ததற்கு, விரைந்துவிடுவேன். அன்று கல்லறையிலிருந்து திரும்பியவன் 39ஆம் வசனத்தைத் தாண்ட முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த விதவைகள் காட்டியவை முடிக்கப்பட்ட உடைகள்.

பண்டிகை அதிகாலையில் பதின்மூன்று பேருக்குப் பரிசு வழங்கினோம். சால்வைகள் ஏழு, கூடைகள் ஐந்து, என் முக்கோணம் ஒன்று. முக்கோணம், ரயில்வே தண்டவாளப் பணியில் ஓய்வுபெற்ற நம் தாத்தாவுக்குப் போயிற்று. அவர் அதைத் தலையில் கட்டி முகவாயின் கீழ் முடிந்துகொண்டு, "கச்சிதமா இருக்குங்க ஐயா, இனி ஸ்டேஷன் பக்கம் விடியக்காலைல நடக்கலாம்" என்றார். அவர் உண்மையாகச் சொன்னாரா, என்மேல் இரங்கிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பங்குனி பிறந்து வெயில் ஏறிய பின்னும் அதைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தார்.

ஆகவே பாட்டி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இவ்வாண்டு நான் எதையும் அறிவிக்கவில்லை. பெண்கள் ஐக்கியத்தார் பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டார்கள், யாருக்கு எது, எத்தனை என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள், என்னிடம் சொல்வதில்லை. ரன்னிங் ஒயர் மூன்று கட்டு குறைகிறது என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். யாராவது அரியலூர் பக்கம் போனால் பச்சையிலும் வெள்ளையிலும் வாங்கி வரலாம். காப்பிக்கொட்டை நிறச் சால்வை ஒன்று ஏறக்குறைய முடிந்திருக்கிறது என்று கேள்வி. என் துணைவியாரின் கை ஓரளவு தேறியிருக்கிறது. நாளுக்கு அரை மணி நேரத்துக்குமேல் ஊசியைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. அந்த அரை மணியில் வாசல் கதவை நான் திறக்கிறேன்.

பாட்டி விட்டுச்சென்ற நீல நூலில் இரண்டரைக் கண்டு மீதமிருந்தது. அதில் நான் ஒன்று தொடங்கியிருக்கிறேன். நேற்றிரவு வரை 31 வரிசை. ஓரங்கள் இம்முறை நேராக வருகின்றன. நூல் போதாது; அடுத்த கண்டு வேறு தொட்டிச் சாயமாகத்தான் இருக்கும், நீலம் ஓரிடத்தில் மாறித் தெரியும். அது யாருக்கு என்று கேட்காதீர்கள்.